ஃபுல் டெஸ்ட் அண்ணனும் நாலு ஜிபி கார்டும்

பினாங்குத் தீவில் வாளி வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கடைக்குள்ளேயே குழாயைத் தேடிப் பிடித்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அடியில் கசிகிறதா என்று பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு அதன் பிறகே பணம் கொடுத்த மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் கம்பெனியில் அவருக்கு ஃபுல் டெஸ்ட் அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதைக் கடைசியாக யார் வாசித்தார்களோ தெரியாது.

பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் போர்டுகள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அண்ணன் டெஸ்டிங் பிரிவில் டெக்னீசியன். அவர் சோதித்துத் தள்ளுகிற போர்டுகள் இன்ஸ்பெக்டரான என் மேசைக்கு வரும். மற்ற டெக்னீசியன்கள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறினால் சோதனையும் அதோடு முடிந்துவிடும். அண்ணனுக்கு அது முடியவே முடியாது. புதுக் குடை வாங்கினால் குளியலறை ஷவருக்கு அடியில் விரித்துக்கொண்டு நிற்பார், அதுவும் கம்பெனி உடுப்போடு. ஏன் என்று கேட்டால், மழையில் நிற்கும்போது கம்பெனி உடுப்பில்தானே நிற்பேன் என்பார்.

கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்கிற ஒருவர் வீட்டுக் கல்யாணம். மண்டபம் பார்க்கப் போனபோது தெரியாத்தனமாக அண்ணனையும் கூட்டிப்போய்விட்டார்கள். முன்னூறு நாற்காலி. முன்னூறிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கொஞ்சம் ஆட்டிப் பார்த்து, இரண்டைக் கழித்துக்கட்டினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்த நாற்காலி மடாரென்று மல்லாந்தது. எல்லாரும் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்கள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாற்காலி தான் சோதித்துவிட்டுப் போன பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டது என்று மண்டபக்காரரிடம் எழுதி வாங்குவதற்கு ஒரு வாரம் அலைந்தார். வாங்கியும் விட்டார். அந்தக் காகிதத்தை மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார் என்று கேள்வி.

இப்பேர்ப்பட்டவர் கையில் மெமரி கார்டு சிக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் லைன் பெண்பிள்ளைகளுக்குத் திடீரென்று ஒரு பைத்தியம் பிடித்தது. கையில் இருக்கிற அருமையான போனை விட்டுவிட்டு, சட்டைப் பையில் போடுகிற பழைய காம்பேக்ட் கேமராக்களைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். நம் வீட்டு அலமாரியில் சார்ஜர் இல்லாமல் செத்துக் கிடக்குமே, அந்தக் கேமராதான். முகம் வெளுத்து, பின்னால் எல்லாம் மங்கி வருவதுதான் இப்போது அழகாம். சரி, கேமரா கிடைத்துவிட்டது. கார்டு? அதற்கு கான்டீனில் அண்ணன் மேசைக்கு வர வேண்டும்.

அவர் லேசில் பதில் சொல்ல மாட்டார். பால் விடாத தே ஓ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்குவார். கேமரா எந்த வருஷத்துது, கார்டு போடுகிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, படம் மட்டுமா, வீடியோவும் எடுப்பாயா, யாரை எடுக்கப் போகிறாய். கடைசிக் கேள்விக்குப் பல பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி நூற்று இருபத்தெட்டு ஜிபி கார்டு வாங்கி வந்து, கேமராவில் போட்டால் எர்ரர் வருகிறது என்று கண்ணைக் கசக்கினாள்.

“உன் கேமரா பொறந்தப்ப இந்தக் கார்டு பொறக்கவே இல்லம்மா. அதுக்கு இத எப்படி அடையாளம் தெரியும்? முப்பத்திரண்டு வரைக்கும்தான் அதுக்குப் பழக்கம்” என்றார் அண்ணன்.

சரியான அளவு வாங்கினாலும் விட்டுவிட மாட்டார். கார்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் படம் எடுக்க ஆரம்பிப்பார். ஒரு படம் இரண்டு படம் இல்லை, கார்டு நிரம்பி வழிகிற வரைக்கும். பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பார். இரண்டு நாள் ஆகும். சந்தையில் போலிக் கார்டு நிறைய வருகிறது, மேலே முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கும், உள்ளே இரண்டோ நாலோதான் இருக்கும், கேமராவை ஏமாற்றி எல்லாப் படத்தையும் வாங்கிக்கொண்டே இருக்கும், பிறகு பார்த்தால் பின்னால் எடுத்தது ஒன்றும் இருக்காது, நிரப்பிப் பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது என்று எங்களுக்கு வகுப்பே எடுத்தார். முதல் படம் எவன் செய்த கார்டிலும் வரும், கடைசிப் படம் வருகிறதா பார் என்பார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் போன பிறகு அவரைப் போலவே ஒரு கண்ணை மூடிச் சுவரைப் படம் எடுத்துக் காட்டிச் சிரிப்போம். அதிகமாகச் சிரித்தவன் நான்தான். மறைக்கவில்லை.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், காலுறைக்கும் போன் கவருக்கும் நடுவில், ஒரு முப்பத்திரண்டு ஜிபி கார்டு என் கண்ணில் பட்டது. தங்க நிறத்தில் எழுத்து. கடை விலையில் பாதிகூட இல்லை. மறுநாள் கான்டீனில் அதை மேசைமேல் போட்டேன். அண்ணன் கையை நீட்டி, குடு தம்பி, ரெண்டு நாளில் தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. எட்டு மணி நேரம் உங்கள் போர்டைப் பார்ப்பது பத்தாதா அண்ணே, என் பாக்கெட்டுக்குள்ளும் டெஸ்டிங் பிரிவு திறக்கணுமா என்று கேட்டேன். கான்டீனே சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனின் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பிழைத்தால் மூன்று வருஷம் காவடி எடுக்கிறேன் என்று அண்ணன் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். முதல் வருஷம் காவடி எடுத்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டாம் வருஷம் டத்தோ கிராமாட்டில் இருக்கிற தங்கள் ஃபிளாட்டில், ஹால் கட்டிலில். மலை ஏறுவது இருக்கட்டும், லிஃப்ட் வரைக்கும் வருவதே பெரும்பாடு. அவர் கேட்டது ஒன்றுதான். “எனக்காகத் தூக்குறாரு. நான் ஒருவாட்டியாவது பாக்கணும்.”

அக்காவிடம் ஒரு சின்ன வெள்ளிநிறக் கேமரா இருந்தது. ஒரு வயரைச் சொருகினால் படம் டிவியில் பெரிதாக வரும், படுத்தபடியே பார்க்கலாம். போன் திரையில் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. அதனால் அந்தக் கேமராவில் படம் எடுக்க ஆள் வேண்டும். கம்பெனியில் இத்தனை பேர் இருக்க அண்ணன் என்னைத்தான் கேட்டார். நாங்கள் பத்து வருஷமாக அடுத்தடுத்த மேசை. கேமராவையும், ஒரு பிளாஸ்டிக் டப்பியில் கார்டையும் கொடுத்தார். நாலு ஜிபி. ஓரமெல்லாம் தேய்ந்து, மேலே மார்க்கர் பேனாவில் ஒரு டிக்.

“படம் மட்டும் எடு தம்பி, வீடியோ வேணாம். ஆயிரம் படம் தாராளமா நிக்கும். கடைசிப் படம் வரைக்கும் பாத்துட்டேன்.”

தைப்பூசத்தன்று காலையில் கிளம்பும்போது அந்தக் கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் தங்க எழுத்துக் கார்டைப் போட்டேன். அக்காவுக்கு மேளச் சத்தத்தோடு வீடியோ காட்டலாமே, நாலு ஜிபி எந்த மூலைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல எண்ணம்தான் என்று இன்றைக்கும் சொல்லலாம். முக்கால்வாசி பொய். என் கார்டுதான் பெரிது என்று கான்டீனில் அவர் முன்னால் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் வீடியோதான். ரதம் வந்த தெருவில் மிச்சம் கிடந்த தேங்காய் ஓடு, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற கூட்டம், மேளக்காரர்கள், குடும்பத்தோடு வந்திருந்த ஒரு சீன அங்கிள், நடுவில் என் முகமும் இரண்டு தடவை. நாற்பது நிமிடம் சுற்றித் தள்ளினேன். அதன் பிறகுதான் அண்ணன் காவடி எடுத்தார்.

அந்தக் காவடியையும் அவர் சும்மா எடுக்கவில்லை. ஒரு மாதமாக அதே எடைக்கு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஃபிளாட் மாடிப்படியில் ஏறி இறங்கி, மூன்றாம் மாடிக்காரர் புகார் கொடுக்கிற அளவுக்குப் போயிருந்தது. அதனால்தானோ என்னவோ, படியில் ஒரு இடத்திலும் கால் தடுமாறவில்லை. நான் முன்னால் ஓடி ஓடிப் படம் எடுத்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் காவடியோடு திரும்பி நேராக என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வையும் விபூதியும். கண்ணிலிருந்து கொட்டுகிறது. துடைக்கக் கை இல்லை.

“எடு தம்பி. அவ பாக்கட்டும்” என்றார்.

எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். கேமராவின் சின்னத் திரையில் ஒரு நொடி பார்த்தேன். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேமராவைத் திறந்தால் தேங்காய் ஓடு இருக்கிறது, மோர் இருக்கிறது, சீன அங்கிள் இருக்கிறார், என் முகம் இரண்டு தடவை இருக்கிறது. அண்ணன் காவடி எடுத்த இடத்திலிருந்து எல்லாம் சாம்பல் நிறக் கட்டம். ஒன்றுகூடத் திறக்கவில்லை. கார்டை எடுத்து ஊதினேன், சட்டையில் துடைத்தேன், திரும்பப் போட்டேன், முருகா முருகா என்றேன். போலிக் கார்டைப் பற்றி அண்ணன் சொன்னபடியே இருந்தது. என் போன் பந்தலில் ஒருவர் பையில் கிடந்ததால் அதிலும் ஒன்றும் இல்லை. கம்பெனி ஆள் ஒருவர் தன் போனில் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. அதில் அண்ணனின் முதுகு கால்வாசி, யாரோ ஒருவருடைய குடை முக்கால்வாசி.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. என் கார்டைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். அவருடைய நாலு ஜிபி கார்டைக் கேமராவில் போட்டேன். மறுநாள் டத்தோ கிராமாட்டுக்குப் போனேன். கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் படம் பார்க்க வந்திருந்தார்கள். அக்காவுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, டிவிக்கு நேராகத் தலையணையை உயர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். நான் கேமராவை நீட்டினேன்.

“கார்டு போச்சுண்ணே. எடுத்ததெல்லாம் எடுத்தேன். ஒண்ணும் பதியல.”

அண்ணன் கார்டை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த டிக்கைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “என் தப்புதான்மா. சரியா பாக்காம குடுத்துட்டேன்” என்றார். அக்கா வலது கையால் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். எனக்குக் காப்பி வந்தது. குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி சும்மா விடுமா? ஃபுல் டெஸ்ட் ஃபெயில் ஆகிவிட்டது என்று கான்டீனில் ஆறு மாதம் ஓடியது. வாளி ஓட்டை, குடை ஓட்டை, கார்டு ஓட்டை என்று ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நாற்காலிக்காக ஒரு வாரம் அலைந்த மனிதர் இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே.

ஒரு நாள் அதே பேக்கிங் பெண் புதுக் கார்டோடு அவர் மேசைக்கு வந்தாள். அண்ணன் வாங்கவில்லை. “வேற யார்கிட்டயாவது காட்டும்மா. என் டெஸ்ட்டு இப்ப சரியில்ல” என்று சொல்லிவிட்டு தே ஓவைக் குடித்தார். எனக்குச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. சாயங்காலம் மோட்டோ நிறுத்துகிற இடத்தில் அவரைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். நாக்கு குழறியது. வயது நாற்பது எனக்கு.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார்.

“தெரியும் தம்பி.”

எப்படி என்று கேட்டேன். “அன்னிக்கே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். நான் எடுத்த கடிகாரப் படம் அழிச்ச பிறகும் அடியில கெடக்கும். நீ ஒரு படம் எடுத்திருந்தாலும் அதுமேல பதிஞ்சு அதுல ஒண்ணு போயிருக்கணும். ஒண்ணும் போகல. கார்டு பூரா என் கடிகாரம்தான்.”

“அப்ப ஏண்ணே அத்தன பேரு முன்னால சொல்லல?”

“டெஸ்ட் பண்ணத எடுத்துட்டு டெஸ்ட் பண்ணாதத போட்டான்னு சொல்லவா? நம்ம வேலையில அந்தப் பேரு ஒருத்தனுக்கு வந்துச்சுனா அதோட முடிஞ்சது லா. எனக்கு ஒரு கார்டு விஷயத்துலதான் பேரு போச்சு, விடு.” ஹெல்மெட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “அவகிட்ட மட்டும் சொல்லிடு. கார்டு நல்ல கார்டுதான்னு நான் சொன்னா நம்பல. எம்மேல வருத்தமா இருக்கா” என்றார்.

அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அக்காவிடம் போனேன். டிராயரில் கிடந்த கார்டையும் எடுத்துப் போனேன். கட்டில் ஓரத்தில் நின்று சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டிவியைக் காட்டி, அதில் இருப்பதைப் போடச் சொன்னார். போட்டேன். நாற்பது நிமிடமும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பந்தலில் மோர் ஊற்றுகிறவர் யார் என்று சொன்னார். மேளக்காரர்களில் ஒருவரைத் தெரியும் என்றார். என் முகம் வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார், இரண்டு தடவையும். முடிந்ததும் டிவி சாம்பல் நிறத்தில் நின்றது.

“எல்லாரும் இருக்காங்க தம்பி” என்றார் அக்கா, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. “அவரு எங்க?”



மறுநாள் கான்டீனில் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். சிலர் கொஞ்ச நாள் என் மேசைக்கு வந்த போர்டுகளை எனக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் காட்டினார்கள். தெரிந்தும் நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. அண்ணன் மேசையில் மறுபடி கார்டுகள் வந்து குவிந்தன.

இந்தத் தைப்பூசம் மூன்றாவது வருஷம், கடைசிக் காவடி. அக்கா அதை டிவியில் பார்த்துவிட்டார். ஒரே படத்தை நிறுத்தச் சொல்லி அரை மணி நேரம் பார்த்தார், அதற்குள் அண்ணன் வெட்கப்பட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார். ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலையில் நடந்தது.

இந்த முறை வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர்மலை அடிவாரத்தில் அதே வெள்ளிநிறக் கேமராவை என் கையில் வைத்தார். கார்டு உள்ளே இருந்தது. கார்டு போடுகிற மூடிமேல் வெள்ளை டேப் ஒட்டி, பாதி மூடியிலும் பாதி கேமராவிலும் படுகிற மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தார். பிரித்தால் தெரிந்துவிடும். பக்கத்தில் நின்ற கம்பெனி ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. சரிதான், எனக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பினேன். அவர் கையெழுத்து டேப்பின் இடப்பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது. எங்கள் லைனில் சீல் வைத்தால் இரண்டு கையெழுத்து வேண்டும், சோதித்தவருடையது ஒன்று, அவரை நம்பி ஏற்றுக்கொண்டவருடையது ஒன்று. வலப்பக்கம் முழுவதையும் அண்ணன் எனக்காகக் காலியாக விட்டிருந்தார். பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார்.